தாசேக் கெலுகோருக்கு வந்த சின்ன மடிக்கணினி

தாசேக் கெலுகோர்,
தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. தண்ணீர்மலை முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இந்திராணி சின்னம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் டப்ளின் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் எழுது. போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டாய். ஆபீஸ் வேலையாக ஊர் ஊராகப் பறக்க வேண்டியிருக்கிறது, பெரிய மடிக்கணினியைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போகிறது, நான் உங்களுக்கு அனுப்பினேனே அதுபோல மலிவாகச் சின்னது ஒன்று எனக்கும் வாங்கலாமா, இல்லை அது வெறும் விளையாட்டுச் சாமானா என்று. அதற்குள் லைன் அறுந்துவிட்டது. போனில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை அது. அதனால் அந்தக் கணினியிலேயே உட்கார்ந்து தட்டுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் புத்தி, எனக்குச் சிவப்பு மைதான் முதலில் கைக்கு வரும். காலையில் திறந்தால் நான் ஒரு தேத்தண்ணி கலக்கி வருவதற்குள் விழித்தால் உண்டு. மூன்று நான்கு வேலை சேர்த்துக் கொடுத்தால் மூச்சு வாங்குகிறது. எழுத்துக் கட்டைகள் நெருக்கம், என் தடித்த விரலுக்கு இரண்டு எழுத்து ஒன்றாக விழுகின்றன. சத்தம் மைலோ டின்னுக்குள் இருந்து பேசுவது போல. அப்பா குடும்பப் படங்களை எல்லாம் அதில் ஏற்றிவைக்கப் பார்த்தார், பாதியிலேயே இடமில்லை என்று கையை விரித்துவிட்டது. ஆனால் ரூபி, கைப்பையில் குடைக்கும் தண்ணீர் போத்தலுக்கும் நடுவே நுழைந்துவிடுகிறது. இங்கே வருகையில் பெர்ரிக் கப்பலிலும் கொமூட்டர் ரயிலிலும் மடியில் வைத்தபடி டியூஷன் பிள்ளைகளின் விடைகளைத் திருத்திக்கொண்டு வந்தேன். காலையில் சார்ஜ் போட்டால் பொழுது சாயும் வரை தாங்குகிறது, கைப்பேசியின் சார்ஜரே அதற்கும் போதும். விலை உயர்ந்ததைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போனால் நாம்தான் அதற்குக் காவல்காரர். இதை மேசையில் வைத்துவிட்டு நிம்மதியாகக் கழிவறைக்குப் போய் வரலாம், அந்த நிம்மதிக்கே பாதி விலை கொடுக்கலாம்.

அது சின்னம்மாவின் இந்த வீட்டுக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். சின்னம்மா துணி காயப்போடும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதும், ஆபரேஷன் ஆனதும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை. எலும்பு கூடிவிட்டது, பயம் கூடுவிட்டுப் போகவில்லை. வாக்கரைக் கட்டில் ஓரத்தில் வைத்தால் அதில் துண்டு காயப்போடுகிறாள், பிடித்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். படுத்தே கெடந்தா அப்புறம் படுக்கையேதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பிள்ளை குட்டி இல்லாதவள், சித்தப்பாவும் போய்விட்டார். அவள் கொழுந்தனார் நல்ல மனிதர்தான், தீபாவளிக்குள்ள நடக்கலன்னா முதியோர் ஹோம்ல சேர்த்துடலாம், இடம் சொல்லி வச்சிருக்கேன் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டின் பின்னால் செம்பனை மரங்கள் தெரிகிற அந்த ஜன்னலை விட்டுப் போவதற்கு அவளுக்கு உயிர் போகிறது. நான் போய்ப் பக்கத்தில் இருந்தால் நடத்திவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை. ஆனால் அடுத்த மாதம் எஸ்.பி.எம். பரீட்சையில் இலக்கியம் எடுக்கிற என் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லை, என் டியூஷன்தான் எல்லாம். நம் ஜெலுத்தோங் வீட்டில் இருக்கிற பெரிய கணினியைப் பெயர்த்து எடுத்து வரவா முடியும். தங்கையா பிள்ளைகளா என்று நான் போனில் புலம்பியதைக் கேட்டுத்தான் நீ மறுபேச்சில்லாமல் இதை வாங்கி அனுப்பினாய்.

இனி நீ சிரிக்கலாம். அது வந்து சேர்ந்தது சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள். புத்தகம், பேனா, அப்பாவின் ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றோடும் இதையும் படத்துக்கு முன்னால் திறந்து வைத்துச் சந்தனம் குழைத்து, மேலே நடுவில் நெற்றி போல இருந்த இடம் பார்த்து அழகாகப் பொட்டு வைத்துக் குங்குமமும் இட்டேன். வெளிப்பக்கம் அழுக்கைத் துடைத்தேனே தவிர சாமிப் பொட்டை யார் அழிப்பார்கள்? இங்கே வந்து முதல் வகுப்பு ஆரம்பித்தால் பிள்ளைகள் முகம் எல்லாம் எனக்குத் தெரிகிறது, என் முகம் இருந்த கட்டத்தில் ஒரே செம்மண் நிறம். டீச்சர் உங்களக் காணோம் டீச்சர் என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். அணைத்தேன், போட்டேன், தட்டினேன். அப்பாவுக்குப் போன் செய்தால், மலிவு சாமான் அப்படித்தான் இருக்கும் லா, நான் அப்பவே சொன்னேன் என்கிறார். அவர் எப்போதும் எதையும் அப்பவே சொன்னவர்தான், உனக்குத் தெரியாதா. எனக்கு வந்த ஆத்திரத்தில், நாளைக்கே வீட்டுக்குப் போகிறேன், என்னால் முடியாது என்று சொல்லிக்கொண்டே கணினியைச் சின்னம்மா கட்டிலில் வைத்துவிட்டுத் துணிகளைப் பையில் அடைக்க ஆரம்பித்தேன். உன்னையும் மனதுக்குள் கொஞ்சம் திட்டினேன். சின்னம்மா அதை மடியில் எடுத்து வைத்து ஒரு பார்வை பார்த்தாள். அக்கா, கேமராவுக்கே பொட்டு வச்சிட்டு மூஞ்சி தெரியலன்னா அதுக்கு யாரு என்ன செய்வா லா என்றாள். இருபத்தெட்டு வருடம் வகுப்பெடுத்தவள் நான், எனக்கு அது நெற்றியாகத் தெரிந்தது, அவளுக்குக் கண்ணாகத் தெரிந்திருக்கிறது. அவள் முந்தானை நுனியை நனைத்துத் துடைத்தாள். கட்டத்தில் அவள் முகம் பளிச்சென்று வந்தது, தன் கலைந்த தலையைப் பார்த்துத் தானே சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். துணிகளைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் வகுப்பு நடக்கிறது. ஹாலில் ஒரு மூலையில்தான் லைன் நன்றாக வருகிறது, அதனால் சின்னம்மா அறைக்கு முதுகு காட்டி உட்காருகிறேன். பகலெல்லாம் அவளை எழுப்பப் பார்ப்பேன், கெஞ்சுவேன், அதட்டுவேன், நாளக்கி பார்க்கலாம் அக்கா என்பாள். தீபாவளி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. முந்தாநாள் அதிரா என்ற பெண் தன் கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்திவிட்டாள். மற்றப் பிள்ளைகளும் என்னையே பார்க்கிறார்கள். எதற்கு என்று என் கட்டத்தைப் பார்த்தால், என் தோளுக்குப் பின்னால் ஏதோ அசைகிறது. படம் மங்கல்தான், ஆனாலும் தெரிந்தது. சின்னம்மா நிற்கிறாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அதில் காய்ந்த துண்டோடு, நின்று, ஒரு கால் எடுத்து வைக்கிறாள். திரும்பினால் பதறி விழுந்துவிடுவாளோ என்று நான் திரும்பவில்லை. உதட்டில் விரலை வைத்தேன், பிள்ளைகளுக்குப் புரிந்தது. கைக்குட்டை அளவு திரையில் என் தங்கை அறைவாசல் நிலையைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, சமையல்கட்டுப் பக்கம் போய் மறைகிற வரை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். குவளையோடு நிற்கிறாள். ஏண்டி என்னைக் கூப்பிடவில்லை என்றேன். பிள்ளைங்க படிக்கிற நேரத்துல உன்ன எப்படிக் கூப்பிடறது, எனக்குத் தாகம்தானே என்றாள். நான் பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன். அன்று வகுப்பு அத்தோடு முடிந்தது, அதிரா கட்டுரைக்கு இன்னும் மார்க் போடவில்லை.

நேற்றும் நடந்தாள், இன்று காலை பின்வாசல் வரை போய்ச் செம்பனையைப் பார்த்துவிட்டு வந்தாள். கொழுந்தனாருக்குப் போன் போட்டு, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்று அவளே சொன்னாள். அவர் சந்தோஷத்தில் தடுமாறிப் போனார். இந்தத் தீபாவளி எங்களுக்கு இங்கேதான். அப்பா மோட்டார் சைக்கிளில் பெர்ரி ஏறி முறுக்குக் குழலோடு வருகிறார். நான் இல்லாத நாளில் மூன்று வேளையும் ரொட்டி சானாய் தின்று வயிறு தள்ளியிருக்கிறது, முறுக்கு பிழிய வைத்தால் கொஞ்சம் கரையும்.

ஆகையால் வாங்கு மகளே, பயணத்துக்கு அது போதும். பெரியது வீட்டில் இருக்கட்டும், அதை ஒழித்துவிட்டு இதை மட்டும் நம்பாதே. இருப்பதிலேயே ஆகக் குறைந்ததை எடுக்காமல் அதற்கு ஒரு படி மேலே எடு, கடையிலேயே நின்று நாலு வரி தட்டிப் பார்த்து வாங்கு. தீபாவளிக் காலையில் அந்த ஊர்க் குளிர் என்று சாக்குச் சொல்லாமல் உச்சந்தலையில் எண்ணெய் வைத்துச் சுடுதண்ணீரில் குளி, மறந்துவிடாதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல், மனதுக்குப் பிடித்தவர்கள் சூழ நீ நூறாண்டு வாழ வேண்டும். சின்னம்மாவும் தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொல்கிறாள், நாற்காலியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், தானாக வந்து உட்கார்ந்தாள். நம் வீடுகளில் பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லுகிற வழக்கம் இல்லை, என் அம்மா எனக்குச் சொன்னதில்லை, நானும் உனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன். நன்றிடா தங்கம்.

உன் அன்பு அம்மா,
குணவதி தங்கராஜு