கிள்ளானில் ஒரு தெருக்குத்து வீடு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14 ஜூலை 1935

அன்புள்ள மகன் பேசிலுக்கு அப்பா எழுதுவது. சர்வேசுரன் கிருபையில் நானும் உன் அம்மாவும் சுகம், என் முழங்கால் வலியையும் சுகத்தில் சேர்த்துக்கொண்டால். இரங்கூனில் நீயும் ஜோசஃபினும் நாங்கள் இன்னும் முகம் பாராத பேரனும் நலமாயிருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் உங்களுக்கு ஒரு பங்கு போகிறது. அங்கே இது அடைமழைக் காலமாமே, பிள்ளையை ஈரத் தரையில் விடாதே. அம்மை குத்தியாயிற்றா என்று போன கடிதத்திலேயே கேட்டிருந்தேன், பதில் இல்லை.

நம் பெரிய வீட்டை யாழ்ப்பாணத்துக் கார்த்திகேசுவுக்குக் கொடுத்தாயிற்று. ரயில்வே ஸ்டோரில் என்னோடு வேலை பார்த்தாரே, அவர்தான். அவருக்கு வீடு நிறையப் பிள்ளைகள், நாங்களோ இரண்டே பேர் ஆறு அறையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தோம். ரப்பர் விலை விழுந்த பிறகு நல்ல விலை என்று ஒன்று கிடையாது, நஷ்டமில்லாமல் கைமாறியதே பெரிது. அடுத்த மாதம் காலி செய்ய வேண்டும். சின்ன வீடாகப் பார்க்கிறோம் என்று எழுதியதற்கு, நாளைக்கு விற்க நேர்ந்தால் சுலபமாக விலை போகிற வீடாகப் பார்த்து வாங்குங்கள் என்று எழுதியிருந்தாய். புத்தியுள்ள பேச்சு என்று அதை உன் அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அவள் மீன் கழுவப் போய்விட்டாள்.

முதலில் இங்கேயே ஆற்றோரமாக ஒரு பலகை வீடு பார்த்தேன். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இடுப்பு உயரத்துக்கு மட்டும் எதற்கு இரண்டு பூச்சு என்று நகத்தால் சுரண்டினால் பெருவெள்ளம் வந்த வருஷத்துச் சேற்றுக்கோடு அப்படியே இருக்கிறது. கிராண்ட் பட்டாவைக் காட்டப்பா என்றால் விற்கிறவன் வருஷா வருஷம் புதுப்பிக்கிற லைசென்ஸ் சீட்டை நீட்டுகிறான். நிலம் சர்க்காருடையது, நாளைக்கு எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டியதுதான், அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யார் தலையில் கட்டுவது, வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பிறகு கிள்ளானுக்கு ரயிலேறினோம். உன் அம்மாவோடு கார்த்திகேசுவையும், ஸ்டோருக்குக் கூரை போட்டுக் கொடுத்த சீனக் காண்டிராக்டர் தவுக்கே முதலாளியையும் கூட்டிப்போனேன். சிரிக்காதே, யோசித்துத்தான் செய்தேன். நம் வேதக்காரர் வந்து வாங்குவார்கள் என்று காத்திருந்தால் எந்த வீடும் விலை போகாது, இந்த ஊரில் வீடு வாங்குகிறவர்கள் சீனரும் இந்துக்களும், கொஞ்சம் மலாய்க்காரரும். வாங்கப்போகிறவன் கண்ணால் முதலிலேயே பார்த்துவிட்டால் பிறகு ஏமாற வேண்டியதில்லை அல்லவா. பாசார்ச் சந்தைக்குப் பின்னால் ஒரு செங்கல் வீடு இருந்தது, இரண்டு அறை, கிழக்கு வாசல், கிராண்டில் ஒரு வில்லங்கமும் இல்லை. கார்த்திகேசுவுக்குத் திருப்தி. தவுக்கேயோ, நீர் வாங்காவிட்டால் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று மலாயில் சொன்னார். எனக்கு இதைவிட என்ன வேண்டும். உன் அம்மா மட்டும் அறைக்குள் போய்ச் சுவரோரமாக முழம் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, நம் மாதா கோயில் பக்கத்தில் பாக்கியம் வீடும் விலைக்கு வருகிறதாம், அதையும் பார்த்துவிடலாம் என்றாள்.

பாக்கியம் உன் அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம், விதவை, இப்போது மகளோடு காப்பார் ஊருக்குப் போகிறாள். வீடு பலகைதான், ஆனால் திடமானது, இரண்டு அறையோடு பக்கவாட்டில் தனியாக ஒரு பெரிய அறை, நல்ல கிணறு. வாசலில் வந்து நின்று திரும்பிப் பார்த்தால் எதிரே ஒரு ரோடு நேராக வந்து வீட்டில் முட்டுகிறது. சரியான தெருக்குத்து, போதாததற்குத் தெற்கு வாசல். கார்த்திகேசு படியேற மாட்டேன் என்றுவிட்டார். தவுக்கேயும் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் போனார், சீனருக்கும் அது ஆகாதாம், இவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். கொல்லையில் பாக்கியம் பன்றி வளர்த்த கொட்டகை, ஆகவே மலாய்க்காரரும் வாங்க மாட்டார், அது அவர்கள் மார்க்கம், குறை சொல்வதற்கில்லை. மிச்சம் நம் வேதக்காரர்தான், அவர்களிடம் காசு இல்லை. விற்க முடியாத வீடு என்று ஒன்றைச் சொல்லிச் செய்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது.

திரும்பி வருகிற ரயிலில் செங்கல் வீட்டின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தேன். நாம் கண்ணை மூடினால் பேசில் இரங்கூனில் இருந்தபடியே ஒரு கையெழுத்தில் விற்றுவிடலாம், கப்பலேறி அலைய வேண்டியதில்லை என்றேன். உன் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தாள். பிறகு, "நான் இனிமே வரமாட்டேன்னு எழுதியிருக்கான் உங்க பையன். நீங்க அதைப் புத்தின்னு ரெண்டு தரம் வாசிக்கிறீங்க. அந்த ரெண்டு ரூம்ல அவன் புள்ளகுட்டியோட வந்தா எங்க படுப்பான்?" என்றாள். கார்த்திகேசு எதிரே உட்கார்ந்திருந்தார், தொப்பியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

நீ அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டாய், எழுதுகிற வேகத்தில் வந்திருக்கும். ஆனால் நானும் நீ வரமாட்டாய் என்று வைத்துக்கொண்டேதான் இவ்வளவு நாளும் வீடு பார்த்திருக்கிறேன், அது எனக்கு அன்றுதான் உறைத்தது. மிகவும் வருத்தமாக இருந்தது, பேசில். பெட்டாலிங் ஸ்டேஷன் தாண்டியதும், பாக்கியம் வீட்டுப் பக்கவாட்டு அறை எத்தனை முழம் என்று உன் அம்மாவைக் கேட்டேன்.

பாக்கியம் வீட்டுக்கே அச்சாரம் கொடுத்துவிட்டோம். நல்ல நாள் பார்த்து நம் கோயில் சாமியார் வந்து வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கச் சம்மதித்திருக்கிறார். கார்த்திகேசு எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லட்டும். எங்களுக்குப் பிறகு இதை விற்றுவிடலாம் என்று மட்டும் நீ நினைக்க வேண்டாம், வாங்க ஆள் வராது. பூட்டிப்போட்டால் கறையான் தின்னும். குடியிருந்தால்தான் உண்டு. பக்கவாட்டு அறைக்கு உன் அம்மா இப்போதே பாய் வாங்கிவிட்டாள்.

சர்வேசுரனும் தேவமாதாவும் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றுவார்களாக. பேரனுக்கு எங்கள் முத்தங்கள். அம்மை குத்தியாயிற்றா என்பதற்குப் பதில் எழுத மறக்காதே. வீட்டைப் பற்றி இனி யோசனை ஒன்றும் எழுத வேண்டாம், எந்த மாதம் கப்பலேறுகிறீர்கள் என்று எழுது.

உன் அப்பா,
ஸ்டானிஸ்லாஸ்