அப்பாவின் கணக்கைப் பூட்டிய கதை

அன்பு மகள் சுட்டிக்கு,

இந்த ஞாயிறு மாலை சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருப்பவர்கள் நான், உன் அப்பா, உன் அண்ணன், அண்ணி, ஆக நான்கு பேர், நான்கு போன். ஆண்டவன் கருணையால் எல்லோரும் சுகம், சிரித்துச் சிரித்து வயிறு வலிப்பதைத் தவிர வேறு நோய்நொடி இல்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்க வேண்டும் என்று காலையும் மாலையும் கும்பிடுகிறேன். இன்டர்வியூ முடிகிற வரைக்கும் யாரும் போன் பண்ணாதீங்க, உங்க குரலைக் கேட்டாலே எனக்குப் படபடன்னு வருது என்று நீ சொல்லிவிட்டாய், அதனால்தான் கடிதம், அண்ணி படம் பிடித்து அனுப்புவாள். வியாழக்கிழமை நீ அந்த அறைக்குள் நுழைவதற்கு முன் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும், கோபப்படாமல் கடைசி வரை படி.

பழைய கம்பெனியை மூடிய பிறகு இரண்டு இடத்தில் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பினாயே, இந்த மூன்றாவதாவது கையில் நிற்க வேண்டுமே என்று இங்கே யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. இன்று மத்தியானம் உன் அப்பா, பிள்ளை வேலைக்குப் போற கடையில நாம ஒரு சாமானாவது வாங்க வேணாமா என்று ஆரம்பித்தார். அது கடை இல்லை, போனில் பணம் அனுப்புகிற ஆப் நடத்துகிற கம்பெனி என்று அண்ணன் சொன்னான். அப்படின்னா அனுப்பிப் பார்த்துடுவோம், எங்கே சிக்குது எங்கே வழுக்குதுன்னு பார்த்துச் சொன்னா அவளுக்கு உதவும் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த மனுஷன் சும்மா அனுப்புவாரா, அதற்கும் ஒரு ரூட் போட்டார். ஒரே தொகையை அவர் எனக்கு, நான் அண்ணனுக்கு, அண்ணன் அண்ணிக்கு, அண்ணி திரும்ப அவருக்கு, இது சர்க்குலர் பஸ், சுத்திட்டுக் கிளம்பின இடத்துக்கே வரணும், நடுவுல யாரும் இறங்கக் கூடாது என்று விசிலை வேறு தேடி எடுத்து வந்தார். நான் முதல் முறை கண்ணை மூடிக் கும்பிட்டுத்தான் பட்டனை அழுத்தினேன், பிறகு பழகிவிட்டது, சாமிக்கும் மூச்சு விட நேரமில்லை. ஒவ்வொரு சுற்றையும் வரவிலும் செலவிலும் எழுதி வைத்தேன், இந்த மாத வரவைப் பார்த்தால் நம்மை யாரும் ஏழை என்று சொல்ல மாட்டார்கள்.

இருட்டுகிற நேரத்தில் பஸ் நின்றுவிட்டது, அப்பாவின் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கம்பெனியிலிருந்தே ஒரு பெண் போன் பண்ணி மிகவும் மரியாதையாக, ஐயா, ஒரே தொகை நாலு பேருக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு, திருட்டுப் பணத்தை இப்படித்தான் சுத்தி விடுவாங்க, நீங்க என்ன பண்றீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா என்று கேட்டாள். பயந்து போய் நான் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், உன் அப்பாவோ பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். எங்க பொண்ணு வியாழக்கிழமை உங்ககிட்டதான் இன்டர்வியூவுக்கு வர்றா என்று உன் பேர், படிப்பு எல்லாம் சொன்னார், நல்ல புத்திசாலி, கொஞ்சம் முன்கோபி, ஆனா மனசு தங்கம், பசியோட இருந்தா மட்டும் கேள்வி கேட்காதீங்க என்று அதையும் சொன்னார். அவள், ஐயா கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எல்லாத்தையும் பதிவு பண்ணணும் என்றாள், இவர் எழுத்துக் கூட்டிச் சொன்னார். அண்ணன் போனைப் பிடுங்குவதற்குள் எல்லாம் பதிவில் ஏறிவிட்டது. விசாரித்துவிட்டுக் கணக்கைத் திறப்பார்களாம்.

ஆக, நீ போவதற்கு முன்னாலேயே உன் முன்கோபம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. சிரிப்பு அடங்கியதும் நான் போய்ச் சாமி விளக்கை ஏற்றினேன், எங்கள் கூத்தால் உன் வேலைக்குப் பங்கம் வந்துவிடுமோ என்று. அண்ணி என்னவோ, அத்தை, அவ போறது டேட்டாவை அலசிப் பார்க்கிற வேலைக்குத்தானே, வித்தியாசமான டேட்டாவைப் பார்த்தா என்ன பண்ணுவேன்னு கண்டிப்பா கேப்பாங்க, நம்ம வீட்டையே சொல்லட்டும், கணக்குல திருடன் மாதிரி தெரிஞ்சவங்க எதுக்கு அப்படிப் பண்ணாங்கன்னு ஒரு போன் பண்ணிக் கேட்டதும் தெரிஞ்சு போச்சே என்கிறாள். எனக்கு அதெல்லாம் புரியாது. மறைக்காதே என்பது மட்டும் தெரியும், நீயாகச் சொன்னால் கதை, அவர்களாகக் கேட்டால் குற்றம்.

வியாழன் காலை வெறும் வயிற்றோடு போகாதே. ஆண்டவன் உன் நாக்கில் இருந்து பேசுவான், நீ நன்றாக இருப்பாய் கண்ணு. உன் அப்பா மன்னிப்புக் கேட்டு அந்தக் கம்பெனிக்கு எழுதப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறார், நான் மூக்குக்கண்ணாடியை ஒளித்து வைத்திருக்கிறேன், அதிக நாள் தாங்காது. அவர் எழுதட்டுமா வேண்டாமா, புதன்கிழமைக்குள் ஒரு வரி பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா