உரசாத டயர்

அன்புள்ள பியாட்ரிஸ்,

நம் ரிச்சர்ட்ஸ் டவுன் வரலாற்றில் இடம்பெறத் தக்க முடிவு ஒன்றை இன்று எடுத்தேன். நம் மருமகன் பேச்சைக் கேட்டுப் பழைய ஃபியட்டில் மாட்டிய அகலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டேன். கம்பெனி சொன்ன அளவிலேயே சக்கரமும் புது டயரும் போட்டாயிற்று.

போன ஞாயிறு பூசை முடிந்து, பாடகர் குழுவின் முன்னால், "நீ ஏறினாதான் டயர் மட்கார்டுல ஒரசுது" என்று நான் சொன்னது வெறும் பொறியியல் கருத்து. "அடுத்த வாரம் டயரையே பூசைக்குக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி நீ உன் அக்கா வீட்டுக்கு ஆட்டோ ஏறினாய்.

இந்த ஞாயிறு காலை ஒக்கலிபுரத்துக்கு, உன் அக்கா வீட்டுக்கே வருகிறேன். நீ இறங்கி வரும்வரை வாசலில் ஹாரன் அடிப்பேன்.

இப்படிக்கு,
உன் ஓட்டுநர்

பி.கு.: அன்று நீ போன பிறகும் டயர் வீடு வரை உரசிக்கொண்டேதான் வந்தது.