தோவா மாமிக்கு ஒரு பஞ்சுக் குச்சி

15 ஜூலை 2025, செவ்வாய்

என் மனைவி லியென் இன்று மூன்று கரண்டி கஞ்சி குடித்தாள். மருத்துவர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டதாம். அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. பட்டர்வொர்த் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன்.

18 ஜூலை, வெள்ளி

வியட்நாமிலிருந்து தோவா மாமி கூப்பிட்டார். லியெனுடைய தாய்மாமன் மனைவி. கல்யாணமாகிப் பதினோரு நாளில் மாமா போருக்குப் போனவர், 1972. எலும்புகூடக் கிடைக்கவில்லை. இறந்த நாள் தெரியாததால், வீட்டை விட்டுப் புறப்பட்ட தேதியில்தான் மாமி வருடா வருடம் படைக்கிறார்.

இப்போது அரசாங்கம் பெயர் தெரியாத கல்லறைகளைத் திறந்து, மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்கிறதாம். தாய்வழிச் சொந்தம்தான் வேண்டும். மாமியின் இரத்தம் உதவாது. மிச்சமிருப்பது லியென் ஒருத்திதான். எங்களுக்கும் பிள்ளை இல்லை. கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதுமாம். கைபேசி மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னது — சீக்கிரம்.

சீக்கிரம் என்றால்? இவள் போவதற்குள் என்றுதானே? வைத்துவிட்டேன். லியெனிடம் சொல்லவில்லை.

22 ஜூலை

மாமி ஆறு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

அங்கே இன்று போர்த் தியாகிகள் நாள். மாமி காணொளி அனுப்பியிருந்தார். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி. மாலையோடு அதிகாரிகள், வரிசையாகப் பள்ளிப் பிள்ளைகள். மாமி மட்டும் பெயரில்லாத கல்லறைகளாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஊதுவத்தி குத்திக்கொண்டே போகிறார். மாமா எதில் இருக்கிறாரோ, தெரியாதே. ஐம்பத்து மூன்று வருடம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. போனவருக்கு ஒரு நாடே விளக்கேற்றுகிறது. இங்கே உயிரோடு இருக்கிறவளைக் காப்பாத்துங்கன்னா ஒருத்தனும் வாய் திறக்க மாட்டேங்கிறான். இவளை விட்டா எனக்கு யார் இருக்கா? நான் என்னதான் பண்றது?

31 ஜூலை, வியாழன்

லியென் என் கைபேசியைப் பார்த்துவிட்டாள். ஏன் மறைத்தேன் என்று கேட்டாள். குடுத்தா நீ போறத நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் என்றேன். இருபத்திரண்டு வருடப் பினாங்குத் தமிழில் சொன்னாள்:

"நான் எங்க போனேன், எப்ப போனேன், உனக்குத் தெரியும்லா. மாமிக்கு அதுகூட இல்ல."

தாதி நோர்மா குச்சி கொண்டுவந்தார். நான்தான் தேய்த்தேன். கன்னத்தில் சதையே இல்லை. இரண்டு முறை செய்ய வேண்டியதாயிற்று.

3 ஆகஸ்ட்

குச்சி வைத்த உறை அலமாரியில் இருக்கிறது. இவளை விட்டு ஒரு மணி நேரம் நகரவும் பயம்.

9 ஆகஸ்ட், சனி

காலை ஆறு நாற்பது. பக்கத்தில்தான் இருந்தேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

ஆயர் ஈத்தாம் கூரியர் கடைக்குப் போனேன். குச்சியோடு அனுப்ப வேண்டிய படிவத்தை லியெனே நிரப்பி வைத்திருந்தாள். எனக்கு அவள் மொழி படிக்க வராது. கைபேசியை அதன்மேல் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். பெயர், பிறந்த தேதி, இறந்த வீரருக்கு என்ன உறவு. கடைசியில் இரண்டு கட்டம்: மாதிரி கொடுப்பவர் உயிருடன் இருக்கிறார், காலமாகிவிட்டார். முதல் கட்டத்தில் கோணலாக ஒரு டிக் போட்டிருந்தாள்.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதால், கடைப் பெண் பேனாவை நீட்டி, ஏதாவது திருத்தணுமா அண்ணே என்று கேட்டாள்.

இல்லம்மா, எல்லாம் சரியா இருக்கு என்று சொல்லி உறையை ஒட்டச் சொன்னேன்.