நூறு இழைக்கு ஒரு சிவப்பு நூல்

ஆடி 12, திங்கள்
ஆடிக் காற்று. முருகேசன் தறி வீட்டில் புதுப் பாவு, பட்டுச் சேலைக்கான நெடுக்கிழை. பழைய பாவின் நுனியோடு இழை இழையாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்கும் வேலை. நாலாயிரத்துச் சொச்சம் இழை. வழக்கம்போல நானும் ஜமுனா அக்காவும், ஆளுக்குப் பாதி. இழை பறக்கும் என்று ஜன்னல் சாத்தி, ஃபேன் நிறுத்தி.

பதினொரு மணிக்கு அந்தச் சூடு. நெஞ்சிலிருந்து காது வரை. மூக்கு நுனியில் வியர்வை. பட்டில் சொட்டாமல் தலையைத் திருப்பினேன். திரும்பிப் பார்த்தால் எந்த இழையில் விட்டேன் என்று தெரியவில்லை.

மதியம் முருகேசன் குனிந்து பார்த்தார். "இன்னாக்கா, இங்க நாலஞ்சு இழை மாறிக்கினு கீது. உங்க கையில இப்படி வராதே." திட்டவில்லை. அதுதான் வலித்தது. பிரித்துப் போட ஒரு மணி நேரம்.

இருபத்திரண்டு வருஷக் கை.

வாங்க: உளுந்து, சோப்பு, கைக்குட்டை 2.

ஆடி 13, செவ்வாய்
அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன வயசு. மாதவிலக்கு முன்னே பின்னே வருவது, சூடு, தூக்கமின்மை, எல்லாம் சொன்னேன். கடைசியில் பயந்தபடியே: "மறதி வருதுங்க. மூளையில ஏதாவதா?"

"இல்லம்மா. மாதவிலக்கு நிக்கப்போற காலம். நாப்பத்தாறு வயசுல சகஜம். மறதி, கவனம் சிதறுறது எல்லாம் இதுல சேர்ந்ததுதான். சில வருஷத்துல அடங்கிடும்." ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம். என்னைக் கேட்காமலே உள்ளே இவ்வளவு பெரிய வேலை நடக்கிறது. மலைப்பு.

ஆடி 14, புதன்
டாக்டரம்மா சொன்னதை ஜமுனா அக்காவிடம் சொல்லிவிட்டேன். "நான் நின்னுக்கறேங்க்கா. வேற ஆளப் பாத்துக்கோங்க."

அக்கா கைச்சாம்பலைத் தட்டினார். "எனக்கும் மூணு வருஷம் இருந்துச்சுடி. உன் பக்கத்துலதான் உக்காந்துகினு இருந்தேன்."

"எப்ப?"

"நீ உன் பொண்ணு கல்யாணத்துக்கு அலைஞ்சிகினு இருந்தப்ப."

எத்தனை பாவு போட்டிருப்போம் அந்த மூன்று வருஷத்தில்! எனக்கு ஒன்றும் தெரியாது. "ஒரு இழை மாறலியேக்கா?"

"மாறுச்சு. நீ சாப்பிடப் போனப்ப பிரிச்சுக் கட்டுவேன்."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புது மனுஷியைப் பார்ப்பதுபோல்.

அக்கா சொன்னவை, மறக்குமுன்:
- நூறு இழைக்கு ஒரு சிவப்பு நூல் கட்டு. கணக்கை மண்டையில் வைக்காதே.
- சூடு வந்தால் கையை எடு. போகும்வரை எழுந்து நில். அதோடு சண்டை வேண்டாம்.
- கழுத்தில் ஈரத்துண்டு.
- சேலைக் கரைப் பக்கத்து இழைகளைக் காலையிலேயே முடி. காலைச் சாப்பாடு கட்டாயம்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"யாருகிட்ட? வெக்கம். பேஜாரு புடிச்ச வெக்கம்."

ஆடி 16, வெள்ளி
முடிந்தது. நேற்றும் இன்றும் சூடு ஆறு முறை. ஆறு முறையும் எழுந்து நின்றேன். முன்பு பிணைத்ததையும் எண்ணிக் கட்டியதில் சிவப்பு நூல் இருபது.

முருகேசன் பாவை மெல்ல இழுத்தார். நாலாயிரம் பிணைப்பும் ஒரே சமயத்தில் நகர்ந்து, தறியில் சீப்புப்போல் நிற்கும் அச்சுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்தன. ஒன்றுகூட அறவில்லை. அக்கா பாதி எது, என் பாதி எது, தெரியவில்லை.

முருகேசன் வெளியே போனதும் அவர் மனைவி தேவகி டீ கொண்டுவந்தாள். என் கழுத்துத் துண்டையே பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கும் ரெண்டு மாசமா இந்தச் சூடு..."

நகர்ந்து இடம் விட்டேன். ஜமுனா அக்கா கதவைச் சாத்த எழுந்தார்.

"தொறந்தே இருக்கட்டும்க்கா" என்றேன்.