நல்ல டிஸ்க்

செவ்வாய், இரவு.

மருத்துவமனை சர்வரில் நான்கு டிஸ்க்குகள். ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றும் தாங்கும்; இரண்டு போனால் எல்லாம் போகும். காலையில் பழுதானதை எடுத்துவிட்டு, பெங்களூரில் வாங்கிய பழைய டிஸ்க் ஒன்றைச் செருகினேன். சர்வர் ஏற்கவில்லை. வேறொரு சர்வரின் அடையாளம் அதில் இருந்தது. அதை அழித்திருந்தால் போதும். நான் செருகும் இடத்தைச் சந்தேகப்பட்டு, பக்கத்திலிருந்த நல்ல டிஸ்க்கை இழுத்தேன். பதறி மறுபடி செருகி, திரை கேட்டதற்கெல்லாம் 'சரி' அழுத்தினேன்.

"இன்னாப்பா, எல்லாம் போயிடுச்சா?" என்றார் ரெக்கார்டு அறை ஸ்டெல்லா அக்கா.

போனவை, மூடிய சுரங்கத்தில் உழைத்தவர்களின் நுரையீரல் எக்ஸ்ரேக்கள். கடைசி மூன்று மாதப் படங்களுக்கு நகல் இல்லை. அவர்களில் சிலரை இனி படமெடுக்க முடியாது.

"ரெண்டு டிஸ்க் ஒண்ணா போயிடுச்சு டாக்டர்" என்றேன், விசாரிக்க வந்த பெரிய டாக்டரிடம். ஷிப்ட் புத்தகத்திலும் அப்படியே எழுதினேன். இது சுரங்கத்தின் மருத்துவமனையாக இருந்த காலத்துப் பழக்கம், அதில் இருவர் கையெழுத்து வேண்டும். நான் இழுத்ததை அக்கா பார்த்திருந்தார். எழுதியதை நிதானமாகப் படித்தார்.

"பேனா குடு."

கையெழுத்துப் போட்டார்.

"மூஞ்சிய பாரு. போய் சாப்புடு."

சாப்பிடவில்லை. நாளை டாக்டரிடம் உண்மையைச் சொன்னால், அக்காவும் பொய் சொன்னவராகிவிடுவார்.