வாப்பா அடுக்கிய ஐஸ்

கண்ணுக்குள்ளேயே நிற்கும் என் வாப்பாவுக்கு, ஸலாம்.

வீட்டில் எல்லாரும் சுகம். நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மீன் பெட்டியை உம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். என் ஆய்வறிக்கைதான் முடியவில்லை. அதன் காரணத்தை முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

நுவரெலியா வாவியில் பாசி எந்த மாதம் கூடுகிறது, எந்த மாதம் குறைகிறது என்று ஒரு வருடம் பார்க்கப் போனேன். குமர்ப் பிள்ளையைத் தனியே அனுப்ப மனமில்லாமல் மாதா மாதம் நீங்களும் வந்தீர்கள். முதல் நாள் கரையில் நடுங்கிக்கொண்டு, "நம்மட குளத்துல இதவிடப் பச்சயாக் கிடக்கே புள்ள, இதுக்கா இவ்வளவு தூரம் வந்த?" என்று கேட்டீர்கள். ஆனால் நான் அள்ளிய தண்ணீர்ப் போத்தல்களை உங்கள் மீன் பெட்டிக்குள் ஐஸில் அடுக்கும் வேலையை மட்டும் என்னிடம் விடவே இல்லை.

ஜனவரியில் பாசி திடீரென்று குறைந்தது. குளிர்தான் காரணம் என்று எழுதினேன். என் ஆய்வைப் பார்க்கும் சேருக்கும் திருப்தி.

போன கிழமை உங்கள் தம்பி, சாச்சா வந்து உங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். "ஜனவரி மழைக்குள்ள பாதை மறிச்சி, பஸ் சுத்தி வந்ததே, அண்டைக்கு நாநா உப்பு வாங்கி ஐஸுக்குள்ள போட்டாராம். புள்ளட தண்ணி வழியில கெட்டுப் போயிரும் எண்டு பயம்."

மீனுக்கு அது சரி. ஆனால் உப்புப் போட்ட ஐஸின் கடுங்குளிரில் போத்தல் தண்ணீரே உறைந்துவிடும். உறைந்தால் பாசி சிதைந்துவிடும். அன்று வீட்டில் பெட்டியைத் திறந்தபோது ஒரு போத்தலின் வயிறு புடைத்திருந்தது. நான் கண்டேன், வாப்பா. களைத்துப் போயிருந்த உங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டேன்.

இப்போது ஒன்றும் விளங்கவில்லை. பாசியைக் குறைத்தது வாவியின் குளிரா, உங்கள் ஐஸா? சேரிடம் சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்ததாகுமா? சொல்லாவிட்டால், குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று நீங்கள் சந்தையெல்லாம் சொல்லித் திரிந்த பிள்ளை யார்?

உம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "பழைய மீனெண்டா உங்கட வாப்பா வாயால சொல்லித்தான் விப்பாரு."

நாளைக்குச் சேரிடம் சொல்கிறேன். வரும் ஜனவரியில் உம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி வாவிக்குப் போவேன். அதே பெட்டி, உப்பில்லாத ஐஸ். பாசி அப்போதும் குறைந்திருந்தால் உங்கள் மேல் பழியில்லை. கூடியிருந்தால்? அதையும் அப்படியே எழுதுவேன். ஆனால் அந்த உப்பை மட்டும் என்னால் பிழை என்று நினைக்க முடியவில்லை, வாப்பா.

உங்கட புள்ள